ஆர்.சி. புக்கில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறு எஞ்சின்

பதினைந்து வயதைத் தாண்டிய வேனை வைத்துப் பிழைப்பவருக்கு ஓசூரில் யோசனை சொல்ல ஆள் பஞ்சம் கிடையாது. ராயக்கோட்டைத் தக்காளி, தளி ரோஜா, சிப்காட் கம்பெனிகளின் ஷிஃப்ட் ஆட்கள் என்று வருடக்கணக்கில் சுமந்து ஓடிய வண்டி ஒரு கட்டத்தில் மேட்டில் மூச்சு வாங்கும். டீசலையும் முன்னைவிட அதிகமாகக் குடிக்கும். “புது வண்டிக்கு எதுக்குண்ணே கடன் வாங்கணும்? பெங்களூர்ல நல்ல எஞ்சின் ஒண்ணு எடுத்து உட்கார வச்சிரலாம். கிரவுன் பினியனையும் மாத்திட்டா டிரெய்லர் கட்டி இழுக்கலாம், மைலேஜும் ஏறும்” என்பார் மெக்கானிக். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் செலவு வைக்கும்: சிலருக்கு அபராதமாக, சிலருக்குத் தள்ளுபடியான இன்சூரன்ஸ் கோரிக்கையாக, சிலருக்குக் காவல் நிலைய விசாரணையாக.

எஞ்சின் மாற்றுவது நம் ஊருக்குப் புது வித்தை அல்ல. அம்பாசடர் கார்களிலும் வில்லிஸ் ஜீப்புகளிலும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தியவர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினுக்கு அப்போது தனி மவுசு. அது மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைப்பு. லேத்தில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்து கியர்பாக்ஸோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்த ஓசூரில் கை தேர்ந்த ஃபிட்டர்களுக்கும் குறைவில்லை, லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டம் இப்போது இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்வது இது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2000-ல் வந்த திருத்தம் இந்தப் பிடியை இறுக்கியது. கேரளத்தில் மாநில விதிகளைக் காட்டி, வண்டியின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆர்.டி.ஓ. தரப்பு மேல்முறையீடு செய்தது. கே. ஜெயச்சந்திரா வழக்கு என்று அறியப்படும் அதில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. மாநில விதி எதுவாக இருந்தாலும் 52-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டதுதான் என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஒன்று, பாடி நீட்டியது இன்னொன்று என்று அபராதம் தனித்தனியாகக் கூடும்.

அப்படியானால் பழைய வேனுக்கு விமோசனமே இல்லையா? இருக்கிறது. எஞ்சினை இறக்கி, ரீபோர் செய்து, புது பிஸ்டன் செட் போட்டு, இன்ஜெக்டரையும் பம்ப்பையும் கேலிபரேஷன் செய்து ஏற்றினால் எஞ்சின் எண் மாறுவதில்லை. அது வெறும் ரிப்பேர். எஞ்சின் வெடித்துப்போய் அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினை மாற்ற வேண்டியிருந்தால், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, வண்டியைக் காட்டி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு, முன் அனுமதி இல்லாமலே அதே ரக எஞ்சினை மாற்றும் சலுகையை மாநில அரசு அறிவிக்கை மூலம் தரலாம். அப்படி மாற்றினாலும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒற்றை வேன் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. தவணைக் கடனில் உள்ள வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

எரிபொருளை மாற்றும் வழியையும் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தலாம். 3.5 டன்னுக்குள் உள்ள பி.எஸ்.6 வண்டிகளில் டீசல் எஞ்சினுக்குப் பதில் சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. எஞ்சின் வைக்கவும் 2022-ல் மத்திய அரசு வழி செய்தது. கிட்டுக்குப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் சான்று இருக்க வேண்டும்; அது உங்கள் வண்டி ரகத்துக்கும் பொருந்த வேண்டும். பொருத்தும் இடமும் அங்கீகரிக்கப்பட்ட மையமாக இருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டருக்குள் வாயு சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம் என்பது அதனால்தான். வீட்டு சமையல் சிலிண்டரை வேனுக்குள் வைத்து ஓட்டுவது குற்றம், ஆபத்தும்கூட. ஓட்டத் தகுதியற்ற பழைய வேன் என்ன செய்யும் என்பதற்குப் பஞ்சாபின் லோங்கோவால் சாட்சி: 2020 பிப்ரவரி 15 அன்று அங்கே ஒரு பழைய பள்ளி வேன் தீப்பிடித்து நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

இனி மெக்கானிக்கின் ‘இழுவையும் ஏறும், மைலேஜும் ஏறும்’ கணக்குக்கு வருவோம். பின் ஹவுசிங்கில் 4.11 விகித கிரவுன் பினியன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 3.73 போட்டால், அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சுற்றும். சமதளத்தில் டீசல் மிச்சம்தான். ஆனால் அதே 9 சதவீதம் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையிலும் குறைந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறது. சூளகிரிப் பக்கம் டிரெய்லரோடு ஏறும்போது கியரை இறக்கி, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, மிச்சம் பிடித்த டீசலை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பாரம் இழுக்க ஒரு விகிதம், சிக்கனத்துக்கு வேறொரு விகிதம். இரண்டும் ஒரே பினியனில் கிடைக்கும் என்று சொல்பவர் விற்பனை பேசுகிறார்.

பெரிய எஞ்சின் போட்டால் அந்தக் குறை தீருமே என்று தோன்றும். அந்த முறுக்கு விசை முழுவதும் பழைய கிளட்ச் பிளேட், பழைய கியர்பாக்ஸ், பழைய ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான் போக வேண்டும். எது பலவீனமோ அது முதலில் உடையும். எஞ்சின் எடை கூடினால் முன் ஆக்ஸில், ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் கூடுதல் பாரம் தாங்க வேண்டும்.

இந்தப் பேச்சில் பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேனின் பிரேக் டிரம்மும் லைனிங்கும் அந்த வண்டியின் மொத்த எடைக்கு அளந்து செய்யப்பட்டவை. பின்னால் பிரேக் இல்லாத ஒரு டன் டிரெய்லரைக் கட்டினால், எஞ்சின் இழுத்துவிடும், பிரேக் நிறுத்தாது. கிருஷ்ணகிரியைத் தாண்டித் தெற்கே போகும் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாயைச் சொல்வார். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னே போகும் வண்டிகள்மேல் மோதும் விபத்துகளுக்குப் பேர்போன இடம் அது.

டிரெய்லர் என்பது பட்டறையில் வெல்டிங் வைத்து ஹூக் போட்டுக்கொள்ளும் சாமான் அல்ல. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும், தனி இன்சூரன்ஸ் வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணையும் அதன் பின்னால் எழுத வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு நிம்மதி: 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

எல்லை ஊர் என்பதால் ஓசூருக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூரின் ஜே.சி. ரோடு. பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம் கிடைக்காது. திருட்டு வண்டியின் எஞ்சின் என்று பின்னால் தெரியவந்தால், தெரிந்தே வாங்கினார் என்று காவல் துறை சந்தேகிக்கும். திருட்டுப் பொருளைப் பெற்றதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. விற்பவரிடம் ஜி.எஸ்.டி. பில், எஞ்சின் எண், எந்தப் பதிவெண் வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டி கழிவுக்குப் போனதற்கான ஆவணம் ஆகிய நான்கும் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

கே.ஏ. பதிவெண் வண்டியை வாங்கி வந்து டி.என். 70-க்கு மாற்ற நினைப்பவர்கள் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓடினால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 47-வது பிரிவு. அப்போது ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். முந்தைய உரிமையாளர் கர்நாடகத்தில் சொல்லாமல் மாற்றிய எஞ்சினுக்கு இங்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே முன்பணம் தருவதற்கு முன்பே எஞ்சின் எண்ணைத் துடைத்து, வாகன் இணையதளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்தால், விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரி 6 அன்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் எஞ்சினையோ எரிபொருளையோ மாற்றினால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்க வாய்ப்புண்டு. சொல்வதற்கான செலவோ அற்பம்: மோட்டார் கட்டண விதியில் கேஸ் கிட்டுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம்தான் கூடுதல் பிரீமியம். ஆனாலும் மறுப்பே முடிவல்ல. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி முழுக் கோரிக்கையையும் கம்பெனி நிராகரித்த அமலேந்து சாஹு வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் பாலிசி நிபந்தனை மீறலிலும் 75 சதவீதம் வரை தரலாம் என்ற அணுகுமுறையை ஏற்றது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பட்டறைக்காரர் ஏமாற்றினால்? “இது லீகல்தான், நாங்களே ஆர்.சி.ல ஏத்தித் தருவோம்” என்று வாயால் சொல்லிப் பணம் வாங்குவது சேவைக் குறைபாடு. பில் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிடுகிறது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். இந்தச் சட்டத்தில் எல்லையோர மக்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: கடை பெங்களூரில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

‘வியாபார வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது’ என்று எதிர்த் தரப்பு வாதிடும். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது. ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லாரிக்காரரும் ஆட்டோக்காரரும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. இது வேன்காரருக்கும் பொருந்தும். டிரைவர்களை வைத்துப் பல வண்டி ஓட்டுபவர் இந்த நிழலில் ஒதுங்க முடியாது.

முறையாக விண்ணப்பித்தும் ஆர்.டி.ஓ. மறுத்தால், எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு.

ஏற்கெனவே எஞ்சினை மாற்றிவிட்டவர்கள் எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். போட்டிருப்பது அதே ரக எஞ்சின் என்றால் வாங்கிய பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். வேறு ரகம் என்றால் அசல் எஞ்சினைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுவதே மலிவு. அதனால் கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.