காட்டுக்கோழி இறகும் கடல் கடந்த மீனும்

ஆந்திரத்து நகரி ஊரைச் சுற்றி எழும் மலைகளிலும், அங்கிருந்து திருப்பதி, தலகோனா வரை நீளும் காடுகளிலும் விடியற்காலையில் ஒரு கூவல் கேட்கும். வீட்டுச் சேவல் போல நீட்டி முழங்காமல், துண்டு துண்டாக வெட்டி வரும் குரல். சாம்பல் காட்டுக்கோழியின் குரல் அது. இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை. அதன் சேவலுக்குக் கழுத்திறகின் நுனி விசித்திரமானது. இறகின் நடுத்தண்டு அங்கே தட்டையாக விரிந்து, மெழுகு பூசியதுபோல் மின்னும் வெளிர்மஞ்சள் பொட்டாக முடிகிறது. மழைக்காலத்தில் சேவல் இந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும்.

19ஆம் நூற்றாண்டில் இந்த இறகுகள் கப்பலேறின. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஆற்றோரம் நின்று மீன் பிடித்தவர்கள், தூண்டில் முள்ளின்மேல் பட்டுநூலாலும் இறகாலும் பொய்ப்பூச்சி கட்டினார்கள். நம் காட்டுக்கோழியின் மின்னும் பொட்டு, சிறு மீனின் கண்போல அந்தப் பொய்ப்பூச்சிகளின் கன்னத்தில் அமர்ந்தது. இன்று இந்தப் பறவையை வேட்டையாடுவது இந்தியச் சட்டப்படி குற்றம். இறகு கப்பலேறிய அதே 19ஆம் நூற்றாண்டில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. எந்த மீனுக்காக ஐரோப்பாவில் பொய்ப்பூச்சி கட்டினார்களோ, அந்த ட்ரவுட் மீனின் முட்டைகளைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவர முயன்றார்கள். முட்டையைக் கொண்டுவர வழி கண்டுபிடித்தார்கள். அந்த மீனுக்குரிய தண்ணீரை மட்டும் யாராலும் எடுத்துவர முடியவில்லை. அது ஏற்கெனவே இருக்கும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது.

நகரி ஆற்றில் ட்ரவுட் ஏன் வாழாது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் அந்த மீனின் முழு வாழ்க்கையும் இருக்கிறது.

நகரி, கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். மே மாதத்தில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆழமில்லாத நீர் அந்த வெயிலில் எளிதாகவே 30 டிகிரிக்குச் சூடேறும். கடல்மட்டத்தில் 30 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். 12 டிகிரி நீரில் அது 10.8 மில்லிகிராம். நீர் சூடாகும்போது அதன் மூலக்கூறுகள் வேகமாக அசைந்து, கரைந்த வாயுவை வெளியே தள்ளிவிடுகின்றன. அதே சமயம் மீனின் தேவையோ கூடுகிறது. பெரும்பாலான மீன்களைப் போல ட்ரவுட்டுக்கும் தனி உடல்வெப்பம் கிடையாது. நீரின் வெப்பமே அதன் வெப்பம். நீர் 10 டிகிரி சூடேறினால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். செலவு இரட்டிக்கும் நேரத்தில் வரவு குறைகிறது.

நம் ஏரிகளில் வாழும் விராலும் தேளியும் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, அதற்கென உள்ள தனி உறுப்பின் வழியாகச் சுவாசிக்கின்றன. ட்ரவுட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை. செவுள் ஒன்றுதான் வழி. 12 முதல் 16 டிகிரி வரையான நீரில் அது செழிக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் நீண்ட நேரம் தாங்காது.

ஆகவே குளிர்ச்சியைத் தேட வேண்டும். கடலோரச் சமவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் காற்று சராசரியாக 6 அல்லது 6.5 டிகிரி குளிரும். நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேல் நகரியைவிட 12, 13 டிகிரி குறைவு. அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீரில் கரையும் ஆக்சிஜனும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் 12 டிகிரி ஓடையில் லிட்டருக்கு எட்டரை மில்லிகிராம் மிஞ்சுகிறது. மீனின் தேவையும் அங்கே பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. பாறைக்குப் பாறை மோதி நுரைக்கும் ஓடை, இழந்ததைக் காற்றிலிருந்து உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறது.

இடம் இருந்தது. மீன் வந்து சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பின்னாளில் 'இந்தியாவின் மீன்கள்' என்ற பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே, சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்தவர். 1860களில் அவர் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர எடுத்த முயற்சி பலிக்கவில்லை. முட்டை பிழைக்கும் வழி 1864இல் ஆஸ்திரேலியப் பக்கம் நிரூபணமானது. 'நார்ஃபோக்' என்ற கப்பல், ஈரப்பாசி நிரப்பிய பெட்டிகளில் முட்டைகளை அடுக்கி, மேலே பனிக்கட்டியைக் குவித்து, நெடுநாள் கடலில் சென்று டாஸ்மேனியாவுக்கான முட்டைகளை உயிரோடு சேர்த்தது. இதன் சூட்சுமமும் வெப்பம்தான். 10 டிகிரி நீரில் ஒன்றரை மாதத்துக்குள் பொரியும் பழுப்பு ட்ரவுட்டின் முட்டை, உறைநிலையை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் காத்திருக்கும். கருவின் கடிகாரத்தைப் பனிக்கட்டி மெதுவாக்கிவிடுகிறது.

அதன்பின் குளிர்நீர் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ட்ரவுட் போனது. 1880களில் இலங்கையின் நுவரெலியாவில் ட்ரவுட் இறங்கியது. காஷ்மீருக்கு 1899இல் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் அனுப்பியவை பிழைத்தன. நீலகிரியில் சென்னை அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் பொறுப்பேற்றார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் அந்த மலையில் நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்த வானவில் ட்ரவுட், வெதுவெதுப்பைச் சற்றுக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும் இனம். அது நிலைத்தது, ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கியது. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிட்டு, மறுபடி கற்களால் மூடும். கற்களின் இடுக்கில் நீர் புகுந்து ஓடினால்தான் முட்டை மூச்சுவிடும். மேலே வண்டல் படிந்தால் அது மூச்சுமுட்டிச் சாகும்.

இப்படி ஓடையிலேயே பிறந்து வளர்ந்த ட்ரவுட்டைப் பிடிக்க உருவான கலைதான், பொய்ப்பூச்சி வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங். அது ஏன் அவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் அந்த மீனின் உணவுதான். குளிர்ந்த ஓடையின் கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையான உடலும் இரண்டு மூன்று வால்நூலும் கொண்ட சிறு பூச்சிகள் ஒட்டியிருக்கும். மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம் அது. மாதக்கணக்கில் நீருக்கடியில் வளர்ந்து, ஒருநாள் மேலே வந்து தோல் கழற்றிச் சிறகு விரிக்கும். சிறகு வந்தபின் அதற்கு உண்ணும் வாய் கிடையாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே மடியும். அப்படி மேலெழும் நேரத்தில் ட்ரவுட் பல சமயம் அந்த ஒரே இனத்தை மட்டும் தேடித் தேடிப் பிடிக்கும். மற்றதை எளிதில் தொடாது.

நகரி ஏரிக்கரையில் மண்புழுவைக் கோத்து, தங்கூசியில் ஈயக்குண்டு கட்டி வீசுகிறோம். குண்டின் எடை முன்னே பறக்கிறது, தங்கூசி பின்னால் போகிறது. பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. அதை எப்படி வீசுவது? ஃப்ளை ஃபிஷிங்கில் கயிறே எடை. பூச்சுக் கொடுத்துத் தடித்த அந்தக் கயிற்றின் முதல் 9 மீட்டர், நடுத்தர அளவில் சுமார் 9 கிராம் இருக்கும். கோலைப் பின்னே இழுத்து, கயிறு பின்புறம் முழுதும் நீளும் வரை பொறுத்து, முன்னே தள்ளிச் சட்டென்று நிறுத்தினால், கயிறு காற்றில் ஒரு வளையமாக மடிந்து ஓடும். வளையத்தின் மேல்பக்கம் மட்டுமே நகர்கிறது. கீழ்ப்பக்கம் கோலோடு நிற்கிறது. ஓட ஓட நகரும் பகுதி குறுகுகிறது. இருந்த ஆற்றல் குறைந்துகொண்டே போகும் எடைக்குள் அடங்குவதால், முனையின் வேகம் எளிதில் தளர்வதில்லை. கடைசியில், கயிற்றின் முனையில் கட்டிய, மெல்ல மெல்ல மெலியும் நரம்பு அந்த ஆற்றலைக் கரைத்துவிட, பூச்சி சத்தமின்றி நீரில் அமர்கிறது.

அமர்ந்த பூச்சியை மீன் எப்படிப் பார்க்கிறது என்பது இன்னும் வியப்பு. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு, வானமும் கரையும் மரமும் எல்லாம் 97 டிகிரி அகலமுள்ள ஒரு கூம்புக்குள் நெருங்கி, தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலாகத் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வரும் விளைவு இது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னலின் குறுக்களவு சுமார் 68 சென்டிமீட்டர்தான். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடி. ஓடையின் அடியைத்தான் பிரதிபலிக்கும். மிதந்துவரும் பூச்சி ஜன்னலுக்குள் வரும் முன் மீனுக்கு உடலாகத் தெரியாது. அதன் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்திய குழிகள் மட்டும் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். மிதக்கும் பொய்ப்பூச்சியில் சேவலின் விறைப்பான கழுத்திறகைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தை இப்போது யோசித்துப் பாருங்கள். இறகின் ஒவ்வொரு இழையும் நீர்ப்பரப்பில் ஒரு குழி போடுகிறது. ஆற்றங்கரைக்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்ட உத்தி, ஒளியியலோடு துல்லியமாகப் பொருந்துகிறது.

நண்பர்களாகச் சேர்ந்து போனாலும் ஓடையில் கூடி நிற்க முடியாததற்கும் மீனே காரணம். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். பாறைக்குப் பின்னால் நீர் மெதுவாக ஓடும் இடத்தில் நின்றால் நீந்தும் செலவு மிச்சம். பக்கத்து வேக நீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். அத்தகைய நல்ல இடத்தை வலுத்த மீன் பிடித்துக்கொள்ளும்; அடுத்த நிலையில் உள்ளது அடுத்த இடத்தில் நிற்கும். ஒரு மடுவில் ஒரு தவறான அசைவு போதும், எல்லாம் கல்லடியில் மறைந்துவிடும். அதனால் நண்பர்கள் நால்வர் போனால், மீனின் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி நடந்து, ஒருவர் விட்ட மடுவை மற்றவர் தாண்டி அடுத்ததைப் பிடிப்பார்கள். அல்லது ஒருவர் கரைமேட்டில் பதுங்கி மீன் நிற்கும் இடத்தைச் சொல்ல, மற்றவர் வீசுவார். குனிந்தே நடப்பார்கள், தாழ நிற்பவரின் உருவம் அந்த வட்ட ஜன்னலின் விளிம்பில் நசுங்கிப் போவதால் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. இந்தப் பொறுமையிலும் விட்டுக்கொடுத்தலிலும்தான் அந்தப் பயணத்தின் இன்பம் இருக்கிறது.

இந்த அழகோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டுமே உள்ளன. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு இறால் இனம் ஒன்று வாழ்கிறது. அங்கே விடப்பட்ட ட்ரவுட் அதற்கு அச்சுறுத்தல். இனி எந்தப் புது ஓடையிலும் ட்ரவுட்டை இறக்கக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக ஓரிடத்தில் நிலைத்துவிட்ட மீன், அந்த இடத்தின் நீரைப் பற்றிச் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

அவலாஞ்சியின் ஓடைகள் கோடையிலும் குளிர்ந்து ஓடுவதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. சோலைக்காட்டின் நிழல், புல்வெளியின் வேர்முடிச்சு, பள்ளத்தாக்குகளில் படிந்த கரிய சதுப்புமண், எல்லாம் சேர்ந்து மழையை உள்ளே இழுத்து வைத்து, நிலத்தடிக் குளிர்ச்சியோடு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த நீர் பவானியில் இறங்கி, காவிரியில் சேர்ந்து, சமவெளியின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் வருகிறது. உலகம் சூடாகும்போது ட்ரவுட்டின் குளிர்நீர் எல்லை மலையில் மேலே மேலே ஏறும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற மலை இல்லை.

நகரி ஆற்றுக்கும் இதேபோன்ற ஓர் ஏற்பாடு உண்டு. இங்கே மணல்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேலே நீர் வற்றிய பின்னும் மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் மணல் கால் சுடும்போதும், ஊற்றுத் தோண்டினால் வரும் நீர் குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான். மணலை அள்ளிவிட்டால் நீர் தங்க இடமும் போகும், வெயிலைத் தடுக்கும் மறைப்பும் போகும். நாம் ட்ரவுட்டைத் தேடி நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை. நண்பர்கள் நால்வர் ஒரு வெப்பமானியும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு, நகரிக்கு அருகே உள்ள கைலாசகோனாவின் ஓடைக்கோ, மழைக்காலத்து நகரி ஆற்றுக்கோ போகலாம். நீரின் சூட்டை அளந்து, கல்லைப் புரட்டி, என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று தட்டில் இட்டுப் பார்த்து, கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வரலாம். ஆற்றின் நலத்தை அறிய உலகெங்கும் நன்னீர் உயிரியலாளர்கள் செய்யும் சோதனை அதுவே. மேஃப்ளைக் குஞ்சுகள் போன்ற நுண்ணுணர்வுள்ள பூச்சிகள் அந்தக் கல்லடியில் நிறைந்திருந்தால், அந்த நீர் இன்னும் நலமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால், ஆற்றில் ஏதோ கெடுகிறது என்பதைக் கரையில் வாழும் நாம்தான் முதலில் அறிய வேண்டும். அறிந்ததை உரக்கச் சொல்லவும் வேண்டும்.