அப்பளம் கேட்டு அழும்... வாங்கினால் தொடாது! பொருட்காட்சியில் அடம்பிடிக்கும் வாண்டுகளை சமாளிப்பது எப்படி?

பொருட்காட்சி என்றாலே வாண்டுகளுக்கு குஷிதான். ராட்டினம், குட்டி ரெயில், பலூன், பொம்மை... எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கை துளைக்கும் டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி வாசனை. சென்னை தீவுத்திடலில் பொங்கலையொட்டி நடக்கும் சுற்றுலா பொருட்காட்சிக்கு குடும்பம் குடும்பமாக போகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பிளேட் பஜ்ஜியாவது சாப்பிடாமல் வீடு திரும்புவதில்லை.

ஆனால் பெற்றோர் பாடு திண்டாட்டம்தான். "அப்பா, எனக்கு அந்த பெரிய அப்பளம் வேணும்" என்று தரையில் புரளாத குறையாக அழுத பையன், வாங்கிக் கையில் கொடுத்ததும் ஒரு கடி கடித்துவிட்டு "காரமா இருக்கு, வேணாம்" என்பான். அடுத்து ஐஸ்கிரீம். அதுவும் பாதியில் வேணாம். வீட்டில் இட்லியும் தயிர்சாதமும் தவிர எதையும் தொடாத குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். ரூ.500 செலவு செய்தும் குழந்தை பட்டினியோடு தூங்கி விடும்.

கொஞ்சம் முன்யோசனை இருந்தால் காசும் மிச்சம், குழந்தைக்கும் சந்தோஷம். உடம்புக்கும் கெடுதல் வராது.

ஏன் இந்த அடம்?

"என் பிள்ளை எதையும் சாப்பிட மாட்டேங்குது" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பல்தான். இது பெரும்பாலும் திமிரோ, செல்லமோ கிடையாது. 2 வயது முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகள் புதிய உணவை கண்டால் பயப்படுவது இயற்கை. பெரியவர்களை விட குழந்தைகளுக்கு கசப்பு சுவை அதிகமாக தெரியும். அதோடு கூட்டம், மைக் சத்தம், கண்ணை கூசும் லைட் எல்லாம் சேர்ந்தால் வழக்கமாக சாப்பிடுகிற குழந்தை கூட வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு புதிய உணவை குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை கூட அதை காட்டி, கொஞ்சமாக சுவைக்க வைக்க வேண்டி இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி இருக்க, ஒரே நாள் சாயங்காலம் பொருட்காட்சியில் வைத்து "சாப்பிடு, சாப்பிடு" என்று திணித்தால் நடக்குமா?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு சுலபமான வழி சொல்லி இருக்கிறார். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதை பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதை குழந்தை முடிவு செய்யட்டும். அடி, திட்டு, "இதை தின்னாதான் ராட்டினம்" என்ற மிரட்டல் எதுவும் வேண்டாம் என்பதுதான் அவர் கருத்து.

வயிற்றை நிரப்பி கிளம்புங்கள்

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. கிளம்பும் முன்பு குழந்தைக்கு பிடித்த சாப்பாட்டை கொடுத்து விடுங்கள். வயிறு நிரம்பிய குழந்தை பார்த்ததை எல்லாம் கேட்டு அடம்பிடிப்பது குறையும். பொருட்காட்சியில் வாங்குவதை சாப்பாடாக நினைக்காமல் 'ருசி பார்க்க' என்று வைத்துக்கொண்டால் டென்ஷன் இருக்காது.

பையில் ஒரு டப்பா பொடி தடவிய இட்லி, வாழைப்பழம், வீட்டு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். இட்லி பொடி தடவினால் சீக்கிரம் கெடாது, ஒழுகாது. தயிர்சாதம் என்றால் வெயிலில் புளித்து விடும் என்பதால் சீக்கிரமே கொடுத்து விட வேண்டும்.

தீம் பார்க் போகிறவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பெரும்பாலான தீம் பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை கேட்டிலேயே வாங்கி வைத்து விடுவார்கள். கிழக்கு கடற்கரை சாலையில் உள்ள பார்க்குகள் ஆகட்டும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா ஆகட்டும், எங்கே போனாலும் டிக்கெட் எடுக்கும் முன்பு "குழந்தை சாப்பாடு கொண்டு வரலாமா?" என்று போன் போட்டு கேட்டு விடுவது நல்லது. கைக்குழந்தைக்கும், டாக்டர் சொன்ன பத்திய சாப்பாட்டுக்கும் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

ஒரு பிளேட், நாலு வாய்!

ஆளுக்கு ஒரு பிளேட் வாங்குவதுதான் காசை கரைக்கும் வழி. முதலில் ஒரே ஒரு பிளேட் வாங்கி எல்லோரும் பங்கு போட்டு சாப்பிடுங்கள். பிடித்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குழந்தை வேண்டாம் என்றால் மீதி அப்பா, அம்மா வயிற்றுக்கு போய்விடும்.

காரம் ஆகாத குழந்தைகளுக்கு சின்ன தந்திரம் இருக்கிறது. டெல்லி அப்பளத்தில் மேலே தூவும் மிளகாய்ப்பொடிதான் காரம். "பொடி போடாம குடுங்க" என்று முன்பே சொன்னால் வெறும் அப்பளமாக தருவார்கள். மிளகாய் பஜ்ஜி கடையிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் இருக்கும். அவித்த சோளம் மசாலா போடாமல் கேட்கலாம்.

குழந்தை கையில் ரூ.50 கொடுத்து "உனக்கு பிடிச்சதை நீயே வாங்கு, இதுக்கு மேல கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். தானே தேர்ந்தெடுத்ததை குழந்தை ஆசையாக சாப்பிடும். காசு கணக்கும் புரியும்.

உணவு திருவிழாக்களுக்கும் இதே கதைதான். 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் சுய உதவி குழுக்களின் உணவு திருவிழா நடந்தது. கரூர் தோல் ரொட்டி, நாமக்கல் பள்ளிப்பாளையம் சிக்கன் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் ஸ்பெஷல் அயிட்டங்கள். இப்படி ஒரு இடத்தில் "இது எந்த ஊரு சாப்பாடு தெரியுமா?" என்று கதை சொல்லிக்கொண்டே ஒரு வாய் ஊட்டினால், வீட்டில் முகம் சுளிக்கிற குழந்தையும் ருசி பார்க்கும்.

முதலில் ராட்டினம், பிறகு சாப்பாடு

வயிறு முட்ட சாப்பிட்டு விட்டு ஜெயன்ட் வீலில் ஏறினால் வாந்தி நிச்சயம். சுற்றும் விளையாட்டுகளை முதலில் முடித்து விடுங்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்டு விட்டு மறுபடியும் ஏற வேண்டும் என்றால் ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதும். முடிந்தால் மற்ற நாட்களில் சீக்கிரமே போய்விடுங்கள். கியூ குறைவு. கடைக்காரர்களும் நிதானமாக கேட்டதை செய்து தருவார்கள். எண்ணெயும் அப்போதுதான் ஊற்றி இருப்பார்கள்.

உஷார்... உஷார்!

குழந்தை சாப்பிட்டால் போதும் என்று கண்டதையும் வாங்கி கொடுப்பது ஆபத்து. கீழ்க்கண்டவற்றில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்.

பஞ்சு மிட்டாய்: ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயில் துணிக்கு சாயம் போடும் ரோடமின்-பி ரசாயனம் இருந்தது ஆய்வில் தெரிந்தது. புதுச்சேரியை தொடர்ந்து தமிழ்நாட்டிலும் 2024 பிப்ரவரி 17-ந்தேதி பஞ்சு மிட்டாய் விற்பனைக்கு தடை விதிக்கப்பட்டது.

செக்கச்செவேல் காலிபிளவர்: கலர் பார்த்து மயங்க வேண்டாம். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்க கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை போட்டது. கையில் ஒட்டும் அளவுக்கு சிவப்பாக இருந்தால் ஒதுங்கி விடுங்கள்.

புகை பிஸ்கெட்: வாயில் போட்டால் மூக்கு வழியாக புகை வரும் என்று வாண்டுகள் ஆசைப்படும். இது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி. கர்நாடக மாநிலம் தாவணகெரேயில் இதை சாப்பிட்ட சிறுவன் வலியில் துடித்த வீடியோ 2024 ஏப்ரலில் பரவியது. அதன் பிறகு தமிழ்நாட்டிலும் உணவு பாதுகாப்பு துறை எச்சரிக்கை விடுத்தது. குழந்தை எவ்வளவு அழுதாலும் இதற்கு மட்டும் 'நோ'தான்.

ஷவர்மா, மயோனைஸ்: 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்த சோகம் நடந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8-ந்தேதி முதல் ஓராண்டுக்கு தமிழக அரசு தடை விதித்தது. திறந்த வெளியில், வெயிலில், ஐஸ்பெட்டி இல்லாமல் வைத்திருக்கும் மயோனைஸ் பக்கமே போகாதீர்கள்.

ஐஸ் போட்ட ஜூஸ்: சாப்பிட உதவாத ஐஸ் கட்டி நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்பது 2018-ல் வந்த உத்தரவு. அந்த ஐஸ் ஜூசில் விழுந்தால் வாந்தி, பேதிதான். சந்தேகம் இருந்தால் "ஐஸ் வேணாம்" என்று சொல்லி விடுங்கள்.

கறுத்த எண்ணெய்: வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் பலமுறை சுட வைத்தது என்று அர்த்தம். அடுத்த கடைக்கு நடையை கட்டுங்கள். பஜ்ஜியை பேப்பரில் சுற்றி கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனம் சூடான எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். வாழை இலை, தட்டு கேளுங்கள்.

பாப்கார்ன், வேர்க்கடலை: 4 வயதுக்கு கீழ் உள்ள குழந்தைகளுக்கு தொண்டையில் சிக்கி மூச்சு திணறும் ஆபத்து உண்டு. ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள். குச்சியில் குத்திய அயிட்டம் என்றால் குச்சியை எடுத்து விட்டு கொடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இரவு குழந்தைக்கு வாந்தி, பேதி வந்தால் பயப்படாமல் ஓ.ஆர்.எஸ். பவுடரை பாக்கெட்டில் போட்டுள்ள அளவு தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக கொடுக்க வேண்டும். டப்பாவில் விற்கும் இனிப்பு ஜூஸ் இதற்கு ஆகாது. இப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ரத்தமாக போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கண் சொருகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கெட்டுப்போன உணவை விற்றால் தமிழக உணவு பாதுகாப்பு துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு போட்டோவுடன் புகார் அனுப்பலாம். கடையில் 14 இலக்க பதிவு எண் உள்ள சான்று மாட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் நல்லது.

குழந்தை ஒரு அப்பளத்தை பாதி கடித்து விட்டு வைத்தால் கோபப்பட வேண்டாம். போன வருஷம் தொடாததை இந்த வருஷம் பாதி கடித்திருக்கிறது. அடுத்த வருஷம் முழுசா கேட்கும். அப்போது "எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" என்று செலவு இரண்டாகும். அதற்கும் இப்போதே பர்சை தயார் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்!