ஜெனீவா சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு நாட்டின் தொழிற்சங்கச் சட்டம் சரியில்லை என்று வெளியிலிருந்து யாராவது சொல்ல முடியுமா? முடியும். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் (ஐ.எல்.ஓ.) இதற்கென்றே 1951 முதல் ஒரு கமிட்டி இருக்கிறது. அரசு, முதலாளி, தொழிலாளி என்று மூன்று தரப்பும் அதில் உண்டு. சங்க உரிமை பற்றிய 87, 98-ஆம் உடன்படிக்கைகளை ஏற்காத நாட்டின் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம்; அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே போதும். (இந்தியா இரண்டையும் இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் நம் மீது புகார் போயிருக்கிறது, நாமும் பதில் எழுதியிருக்கிறோம்.)

சரி, கமிட்டி சொன்னால் அரசாங்கம் கேட்குமா? இதற்கு நான் எப்போதும் எடுத்துப் பார்ப்பது பிரிட்டனின் ஜி.சி.எச்.க்யூ. விவகாரம்.

ஜி.சி.எச்.க்யூ. என்பது செல்டன்ஹாமில் இருக்கும் ஒட்டுக்கேட்பு உளவு நிறுவனம். 1984 ஜனவரியில் தாட்சர் அரசு, யாரிடமும் கலந்து பேசாமல், அங்கே வேலை பார்ப்பவர்கள் தொழிற்சங்கத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வேண்டுமானால் நிர்வாகம் அனுமதிக்கும் உள் சங்கத்தில் சேரலாம். உரிமை போவதற்கு ஈடாக ஆளுக்கு 1,000 பவுண்ட்! பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். குடும்பம் இருக்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சங்கங்கள் கோர்ட்டுக்கும் போயின, ஜெனீவாவுக்கும் போயின. பிரிட்டிஷ் அரசு அங்கே வைத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது. மிக ரகசியமான வேலையில் இருக்கும் அரசு ஊழியர்கள் விஷயத்தில் அந்தந்த நாடே முடிவெடுக்கலாம் என்று 1978-இல் வந்த 151-ஆம் உடன்படிக்கை சொல்கிறதே என்றார்கள். கமிட்டி ஏற்கவில்லை. 87-ஆம் உடன்படிக்கை எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் உரிமை தருகிறது. ராணுவமும் போலீஸும் மட்டும்தான் விதிவிலக்கு. பின்னால் வந்த உடன்படிக்கை முன்பு கொடுத்ததைப் பறிக்க வந்ததல்ல. இதில் வேடிக்கை என்னவென்றால், 1949-இல் 87-ஐ முதன்முதலில் ஏற்ற நாடே பிரிட்டன்தான்.

தாட்சர் அசையவில்லை. 1984 நவம்பரில் பிரபுக்கள் சபை, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு பக்கம் தீர்ப்பளித்தது. 1987-இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையமும் மனுவைத் தள்ளிவிட்டது. சங்கத்தை விட மறுத்த 14 பேருக்கு 1988-89-இல் வேலை போனது.

தடை நீங்கியது 1997 மே மாதம், லேபர் அரசு வந்த பிறகு. ஆக, மாற்றியது தேர்தல்தான், ஜெனீவா இல்லை. ஆனால் பெரிய நீதி அமைப்புகள் இரண்டும் கைவிரித்த விஷயத்தில், சட்டப்படி இது தப்பு என்று எழுத்தில் சொன்ன இடம் ஜெனீவா. அதன் நிபுணர் குழு இதை விடாமல் திரும்பத் திரும்ப அறிக்கைகளில் எழுப்பிக்கொண்டே இருந்தது, பிரிட்டனும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 13 வருஷம் இப்படி.