ஆவாரைக்கு உபசாரம் ஆகாது

வாசலில் ஆவாரை வைக்கிறேன் என்றால் முன்பெல்லாம் எங்கள் காங்கேயம் பக்கம் சிரிப்பார்கள். வேலியோரத்திலும் ரோட்டோரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பதை யாராவது தொட்டியில் வைப்பார்களா? இப்போது அந்தக் காடுகளெல்லாம் சைட் ஆகிவிட்டன. பொங்கல் காப்புக்கட்டுக்கு வேப்பிலை எப்படியோ கிடைத்துவிடுகிறது. ஆவாரம்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் என்னிடம் விதை கேட்டு வருகிறார்கள்.

காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம்போலச் சரசரக்கும். உள்ளே இருக்கும் விதையை அப்படியே ஊன்றினால் பெரும்பாலும் முளைக்காது. தோல் கெட்டி, தண்ணீர் இறங்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை ஊன்றலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போய்விடும், பிடுங்கி நட்டால் சோர்ந்துபோகும். ஐப்பசி மழைக்கு முன்னால், செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதைத்துவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, “ஏனுங்கக்கா, தெனமும் தண்ணி ஊத்தறேன், இலை மஞ்சளாயிட்டே வருதுங்க” என்றாள். போய்ப் பார்த்தால் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. “தட்டை எடுத்துப் போடு கண்ணு. மண்ணு நல்லாக் காயட்டும், அப்புறம் ஊத்து” என்றேன். வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். யூரியா வைத்தால் தழைதான் செழிக்கும், பூ குறைந்துவிடும்.

பயறுக் குடும்பத்துச் செடிதானே, வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். தட்டைப்பயிறுச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு உருண்டைகள் தெரியும். ஆவாரை வேரில் அப்படி எதுவும் இருக்காது. ஆனாலும் அதன் தழையை வெட்டி வயலில் மிதித்து உரமாக்குவது இங்கே பழைய வழக்கம்.

காலையில் பூவருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் எடுத்த எடுப்பில் தராது. மகரந்தப் பைகளுக்கு நுனியில் ஒரு சிறு துளைதான் உண்டு. பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் வேறு, இது அதைவிடக் கூர்மையான சத்தம். அந்த அதிர்வில் மகரந்தம் பீறிட்டு வண்டின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். தேனீ வளர்ப்பவர்கள் தேனுக்காக இதை நட்டால் ஏமாந்துதான் போவார்கள்.

இலையில் பச்சைப் புழுக்கள் வரும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். உடனே மருந்தைத் தூக்காதீர்கள். வெள்ளையில் இளம்பச்சை கலந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. நன்றாக வளர்ந்த செடி அந்த இலைகளை இழந்தாலும் திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். நாற்றாக இருக்கும்போது மட்டும் கையால் எடுத்து, பெரிய செடியில் விட்டுவிடுவேன்.

பூவை நிழலில் உலர்த்தித் தேநீர் போடுகிறவர்கள் இப்போது அதிகம். குடிக்கட்டும், அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

வெட்டுக்கு ஆவாரை பயப்படாது. இதன் பட்டையில் துவர்ப்பு அதிகம். தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஒருகாலத்தில் ஆவாரம்பட்டைதான் ஆதாரம். வெளிநாட்டு வாட்டில் பட்டை பிறகு அதன் இடத்தைப் பிடித்தது. பட்டைக்காக வெட்டிய தூரெல்லாம் மறுபடி துளிர்த்தது. தெலங்கானாவில் இதைத் தங்கேடு என்பார்கள். அதுதான் அவர்களுடைய மாநில மலர். பதுகம்மா பண்டிகைக்குக் கூடைகூடையாகப் பறித்தும் செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. கிளை நுனியில்தான் பூ என்பதால், வெட்டாமல் விட்டால் செடி வெறும் குச்சியாக நீண்டு, பூ எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மார்கழிக் கடைசியில் காப்புக்கட்டப் பூக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பூவை மட்டும் கிள்ளித் தருவதில்லை, கொத்தோடு ஒடித்துக் கொடுக்கிறேன். தை மாதத்துக் கவாத்து வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.