சேப்பாக்கத்துப் பந்து மைதானம்

அமெரிக்கா தேசத்தில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. நம்மூர்க் கிட்டிப்புள்ளுக்கு அது தூரத்துப் பங்காளி என்று சொன்னால் அமெரிக்கர்கள் கோபித்துக் கொள்வார்கள். சொல்லாமலிருக்கவும் நம்மால் முடியவில்லை. அந்த ஆட்டத்தின் மைதானங்கள் ஒன்றைப் போல் ஒன்று இரா. பாஸ்டன் நகரில் 1912-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பென்வே பார்க்கில் ஒரு தெரு குறுக்கிட்டபடியால் இடப்புறத்து எல்லை குறுகிவிட்டது. அந்தக் குறையை ஈடு செய்ய அங்கே 37 அடி உயரச் சுவரொன்று நிற்கிறது. சிகாகோவின் ரிக்லி மைதானத்துச் செங்கற் சுவரில் 1937 முதல் பச்சைக் கொடி படர்ந்திருக்கிறது. அங்கே இரவு ஆட்டத்திற்கு விளக்கு எரிந்ததோ 1988-இல்தான்! தெருவும் காற்றும் அண்டை வீட்டாருமாகச் சேர்ந்து மைதானத்துக்கு ஒரு சுபாவத்தை உண்டாக்கி விடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் அத்தகைய சுபாவம் படைத்த மைதானம் எதுவென்றால், சென்னைச் சேப்பாக்கம் என்றே நாம் சொல்லுவோம். கிழக்கே மெரீனாக் கடற்கரை. அருகே பக்கிங்காம் கால்வாய். ஒரு புறம் வாலாஜா சாலை. பிற்பகலில் கடற்காற்று புறப்பட்டுவிட்டால் அதுவரை வெயிலில் வதங்கிய பந்து வீச்சாளருக்கும் புது உயிர் வரும். அந்த இடம் ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனைத் தோட்டம். 1855-இல் கடைசி நவாப் காலமானதும் அரண்மனை சர்க்கார் வசமாயிற்று. 1846-இல் ஏற்பட்ட மதராஸ் கிரிக்கெட் கிளப் சுமார் 1865-இல் அங்கே வந்து சேர்ந்தது.

கிளப் என்றால் துரைமாரின் கிளப். நம்மவர் அங்கே ஆட அழைக்கப்பட்டாலும், பகல் போஜனத்திற்கு வெள்ளையர் மாளிகைக்குள்ளும் நம்மவர் மரத்தடியிலும் அமர வேண்டியிருந்தது என்று சொல்லுவார்கள். இதைக் கண்டு மனம் வெதும்பியவர் ஸ்ரீ புச்சி பாபு நாயுடு. அவர் வாதாடிக் கொண்டிராமல், 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்து, நம் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் உடுப்பும் வாங்கிக் கொடுத்து ஆட்டம் பழக்கினார். 1908-இல் அவர் மறைந்தார். அவர் போட்ட விதையால் இந்தியரும் ஐரோப்பியரும் எதிர்த்து நிற்கும் பிரஸிடென்ஸி பந்தயம் பொங்கல் நாட்களில் நடந்து வந்தது. வருஷம் முழுவதும் 'எஸ் ஸார்' போட்ட குமாஸ்தா, அந்த நாட்களில் மட்டும் ஒரு துரை 'அவுட்' ஆவதைக் கண்குளிரக் கண்டு கைதட்டலாம் அல்லவா? அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை!

1934-ஆம் ஆண்டு அந்த மைதானத்துக்கு யோகமான ஆண்டு. பிப்ரவரியில் ஜார்டின் கோஷ்டியார் அங்கே முதல் டெஸ்ட் ஆடி, 202 ரன்னில் நம்மை முறியடித்தார்கள். நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. மைசூர் 48, மறுபடி 59, மதராஸ் 130. ஸ்ரீ ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஆனால் சேப்பாக்கத்தின் கணக்கு நேரானது 1952 பிப்ரவரியில். இருபது ஆண்டுகளாக 24 டெஸ்டுகள் ஆடியும் இந்தியா ஒன்றிலேனும் ஜயித்ததில்லை. இருபத்தைந்தாவது, இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில். ஸ்ரீ வினூ மங்கட் 12 விக்கெட்டுகள். ராயும் உம்ரிகரும் ஆளுக்கொரு சதம். ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி! பந்தயம் தொடங்கிய அன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமான செய்தியும் வந்தது. நம்மவருக்கு மரத்தடியைக் காட்டிய அதே மைதானத்தில் நம்மவர் அடைந்த முதல் வெற்றி அது.

1956 முதல் 1965 வரை டெஸ்டுகள் மாநகராட்சி ஸ்டேடியத்துக்குப் போயின. 1967-இல் திரும்பி வந்தன. பிறகு ஸ்ரீ எம். ஏ. சிதம்பரம் செட்டியாரின் பெயர் சூட்டப்பட்டது. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் சமமாக முடிந்தது. டீன் ஜோன்ஸ் நம் ஊர் வெயிலில் வாந்தி எடுத்துக் கொண்டே 210 ரன் குவித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இவை எல்லாவற்றையும்விட நாம் பெரிதாக மதிப்பது 1999 ஜனவரி 31. ஸ்ரீ டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ரன் எடுத்தும், பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. ஜனத்திரள் சற்று நேரம் திகைத்திருந்தது. பிறகு எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டிற்று; பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக் கொண்டார்கள். எந்த மந்திரியும் உத்தரவு போட்டு இதைச் செய்விக்கவில்லை.

பெரம்பலூர் ஜில்லாக் குன்னத்தார்க்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். சேப்பாக்கம் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் பூமி அது. ஈரத்தில் ஒட்டிப் பிடித்து, காய்ந்தால் பாளமாய் வெடிக்கும். சேப்பாக்கத்தின் ஆடுகளங்களில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. வெடித்த மண்ணில் பந்து எப்படித் திரும்பும் என்பதைக் கரிசல்காட்டானுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழில் வர்ணித்த காலத்தில், சென்னையைப் பார்த்தேயிராத கிராமத்தாரும் காதினாலேயே அந்த மைதானத்தைக் கண்டார்கள்.

2008-இல் ஐ.பி.எல். என்னும் தொழில்முறைப் பந்தயம் வந்து, மைதானம் மஞ்சள் நிறமாயிற்று. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் வெளியே கொதித்தபோது ஓர் ஆட்டம்தான் நடக்க முடிந்தது. மற்றவை பூனாவுக்குப் போயின. கொள்ளிடக்கரைக்கு அருகே வாழும் ஜில்லாக்காரர்கள், தண்ணீரா பந்தா என்ற அந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்பதை விவரிக்க வேண்டுமா?

2011-இல் மூன்று புதிய பார்வையாளர் மாடங்கள் கட்டினார்கள். கட்டட விதிச் சர்ச்சையால் அவை பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. வெளியே டிக்கெட்டுக்காக இரவெல்லாம் காத்து நிற்கும் வரிசை. உள்ளே ஆயிரக்கணக்கான வெறும் நாற்காலி! இப்போது திறந்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் 2024-இல் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு மிக மலிவான டிக்கெட்டே 1700 ரூபாய். குன்னத்து விவசாயி ஒருவர் தம் இரு பிள்ளைகளுடன் வந்தால், பஸ் சத்தமும் சோற்றுச் செலவும் நீங்கலாகவே 5100 ரூபாய் வைக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயத்திற்கும் ஒரு மாடத்தின் ஒரு பகுதியையாவது வெளி ஜில்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, பஸ் சத்தத்துக்கு மேற்படாத விலையில் கொடுக்கும்படி கிரிக்கெட் சங்கத்தாரைக் கேட்டுக் கொள்கிறோம்.