ஆடிட்டர் ‘என்ன வெர்ஷன்?’னு கேட்டா ‘டேலி’னு மட்டும் சொல்றீங்களா? கம்ப்யூட்டரில் இருப்பது எதுன்னு பார்ப்பது எப்படி?

செப்டம்பர் நெருங்கினால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்களில் இப்படியொரு போன் உரையாடல் சகஜம்.

“சார், நீங்க அனுப்புன பேக்கப் இங்க ஓபன் ஆகலைங்க. என்ன வெர்ஷன் வச்சிருக்கீங்க?”

“டேலி தாங்க.”

“டேலின்னு தெரியுதுங்க. ரிலீஸ் எத்தனை?”

“சில்வர்ங்க!”

சில்வர் என்பது வெர்ஷனே இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பயன்படுத்தினால் சில்வர், ஆபீஸ் நெட்வொர்க்கில் பலர் பயன்படுத்தினால் கோல்டு. அது நீங்கள் வாங்கிய லைசென்ஸின் வகை. ஆடிட்டர் கேட்பது, அந்த சாஃப்ட்வேர் எந்தக் காலத்தில் வெளியானது என்பதைச் சொல்லும் எண்ணை.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு விசாரணை? டேலி ப்ரைம் 3.0-வில் ஒருமுறை திறந்து மாற்றப்பட்ட கணக்கை, அதற்கு முந்தைய 2.1-ல் திறக்க முடியாது. புதியது பழையதைப் படிக்கும், பழையது புதியதைப் படிக்காது. பனியன் கம்பெனியில் புதிய ரிலீஸ், ஆடிட்டர் ஆபீஸில் பழையது என்றால் அந்த பேக்கப்பை எத்தனை முறை அனுப்பினாலும் பலன் இல்லை. பென் டிரைவ் மேல் பழி போட்டும் புண்ணியம் இல்லைங்க.

எங்கே பார்ப்பது?

டேலி ப்ரைமைத் திறந்து எப்1 அழுத்துங்கள். வரும் ஹெல்ப் மெனுவில் ‘அபவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரிலீஸ் எண்ணும் லைசென்ஸ் விவரமும் தெரியும். அவ்வளவுதான், அரை நிமிட வேலை. டேலி ப்ரைம் வந்தது 2020 நவம்பரில். அதற்கு முந்தைய டேலி இஆர்பி 9-ஐ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்தான் சிக்கல். டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான், கணக்குப்பிள்ளை திறப்பது ஒன்று, முதலாளி திறப்பது இன்னொன்று.

அதனால், தினமும் நீங்கள் எந்த ஐகானைக் கிளிக் செய்கிறீர்களோ அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலிலும் வெர்ஷன் எண்கள் இருக்கும். ஆனால் வேறு சிஸ்டத்தில் இருந்து அப்படியே காப்பி செய்து ஒட்டிய ஃபோல்டர் அந்தப் பட்டியலில் வராது. ‘இன்ஸ்டால் ஆனது’ வேறு, ‘இப்போது ஓடுவது’ வேறு. டவுன்லோடு ஃபோல்டரில் புது ஃபைல் கிடப்பதை வைத்து ‘அப்டேட் பண்ணியாச்சுங்க’ என்று சொல்வது இந்த இரண்டிலுமே சேராது.

எண் சரி, பெயரைப் பார்த்தீர்களா?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துபவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

2021 மார்ச் 24-ம் தேதி மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. கணக்கு சாஃப்ட்வேரில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும், எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்ட பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்குத்தான் இந்த விதி. தனிநபர் பெயரிலோ கூட்டாகவோ (பார்ட்னர்ஷிப்) நடக்கும் தொழில்களுக்கு இது கிடையாது. நம்ம ஊர் பட்டறைகளில் அப்படி நடப்பவை நிறைய என்பதால், வீணாகப் பயப்பட வேண்டாம்.

டேலியில் இதற்காக ‘டேலி ப்ரைம் எடிட் லாக்’ என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதில் மாற்றப் பதிவு எப்போதும் ஓடும், அணைக்க முடியாது. சாதாரண டேலி ப்ரைமிலும் 2.1 முதல் எடிட் லாக் வசதி உண்டு. ஆனால் வேண்டுமென்றால் ஆன், வேண்டாமென்றால் ஆஃப். விதி கேட்பதோ ‘நிறுத்த முடியாதது’. இரண்டும் ஒரே ரிலீஸ் எண்ணில் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து ‘லேட்டஸ்ட் தான் இருக்கு’ என்று நிம்மதி ஆகிவிட்டால், ‘எடிட் லாக்’ என்ற பெயர் இல்லாதது கண்ணில் படாது.

மார்ச் மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. அந்த வசதி ஆண்டு முழுவதும், எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் ஓடியதா, அதில் யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். நடுவில் மாற்றினால், மாற்றிய நாளில் இருந்துதான் பதிவு. முந்தைய மாதங்களுக்குப் பின்னால் போய் உருவாக்க முடியாது. ஓடவில்லை என்றால் அப்படித்தான் எழுதுவார். அந்த அறிக்கையைத்தான் லோன் கேட்டுப் போகும்போது பேங்க் மேனேஜரும் படிக்கப்போகிறார். ஆகவே ஏப்ரல் 1-ம் தேதி காலை முதல் பில் போடுவதற்கு முன்பு, அந்த எப்1-ஐ ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

இன்னொன்று: டேலியின் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பழைய ரிலீஸ் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறதே என்று விட்டுவிடுவோம். புதிய ரிலீஸைப் பயன்படுத்தத்தான் சந்தா தேவை.

வின்ரார் வைத்திருக்கிறீர்களா?

ஏற்றுமதி ஆபீஸ்களில் டிசைன் ஃபைல், ஆர்டர் விவரம் எல்லாம் மெயிலில் சுருக்கி வரும். திறக்க வின்ரார். யாரோ எப்போதோ இன்ஸ்டால் செய்தது, காசு கட்டச் சொல்லும் அறிவிப்பை மூடிவிட்டு இன்றுவரை ஓடுகிறது (சிரிக்காதீங்க, உங்க சிஸ்டத்திலும் அதேதான்). இந்த சாஃப்ட்வேர் தானாக அப்டேட் ஆகாது.

2025 ஜூலையில் வின்ராரில் ஒரு பெரிய ஓட்டையை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வேலைக்கு விண்ணப்பம் போல வந்த ஃபைலைப் பிரித்தாலே, பின்னணியில் வேறொரு ஃபைல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐரோப்பா, கனடாவில் குறிவைக்கப்பட்டவற்றில் உற்பத்தி நிறுவனங்களும் இருந்தன. ஜூலை 30-ல் வெளியான 7.13-ல் ஓட்டை அடைக்கப்பட்டது. ஹெல்ப் மெனுவில் ‘அபவுட் வின்ரார்’ திறந்து பாருங்கள். 7.13-க்குக் கீழே என்றால் இன்றே மாற்றுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

விண்டோஸுக்கு வின்டோஸ் கீ, ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால் போதும். விண்டோஸ் 10 என்று வந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தனிநபர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. குரோமில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்தாலே அது தானாகப் புது வெர்ஷனைத் தேட ஆரம்பித்துவிடும். பார்ப்பதும் அப்டேட் செய்வதும் ஒரே வேலையாக முடிகிறது.

3.10 பெரியதா, 3.9 பெரியதா?

கணக்குப் பாடப்படி 3.9. சாஃப்ட்வேரில் பெரும்பாலும் 3.10! நடுவில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி இல்லை, வெறும் பிரிப்புக் குறி. மூன்றாம் வரிசையில் ஒன்பதாவது, பத்தாவது என்று படிக்க வேண்டும். பைத்தான் 3.9 வந்தது 2020-ல், 3.10 வந்தது 2021-ல். கோவை காலேஜ்களில் புராஜெக்ட் செய்யும் தம்பி, தங்கைகள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: ஒரே லேப்டாப்பில் இரண்டு பைத்தான் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேக்கேஜ் பட்டியல் இருக்கும். ‘பிப் ஷோ’ என்று அடித்து பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் வெர்ஷனோடு, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் வரும். எல்லாரும் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ‘லொகேஷன்’ என்ற வரியையும் பாருங்கள், எந்த பைத்தானின் பேக்கேஜ் என்பது அங்கேதான் தெரியும்.