எட்டரை மணிப் பயம்

பள்ளி நாட்களில் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே வீட்டில் கேட்கும் கூச்சலுக்கு, பழி பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழும். அவள் ஐந்து மணிக்கே எழுந்தவள் என்று தெரிந்தும், “இன்னும் கொஞ்சம் முன்னாடி எழுந்திருக்கலாமே” என்பார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை விரட்டுவது சோம்பல் இல்லை, பயம். “கேட்டைச் சாத்திடுவாங்க.” அந்தப் பயத்தில்தான் குழந்தை பாதி இட்லியோடு எழுந்திருக்கிறது, அப்பா ஹெல்மெட்டை மறக்கிறார், வேன் டிரைவர் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் போகிறார். ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது கடிகாரம் அல்ல, அந்தப் பயம்.

தாமதமாக வந்த குழந்தையை வெயிலில் நிறுத்துவதும், முட்டி போட வைப்பதும், எல்லோர் முன்பும் திட்டுவதும் சட்டப்படி கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றித்தான். எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்துவதை அதன் 75ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. தாமதம் வழக்கமானால் பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், டைரியில் எழுதி அனுப்பலாம். அது நியாயம்தான். பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர். ஐந்து வயதுக் குழந்தையா வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறது?

அடுத்தது தூக்கம். மூன்று முதல் ஐந்து வயது வரை ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய ஒன்றாம் வகுப்புக் குழந்தை இரவு ஒன்பதுக்காவது தூங்கியிருக்க வேண்டும். அதைப் பல வீடுகளில் தடுப்பது வீட்டுப்பாடம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையும் அதைச் சொன்னதோடு, இவ்விரு வகுப்புகளுக்குப் புத்தகப் பையின் எடை ஒன்றரைக் கிலோவையும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மூன்று கிலோவையும் தாண்டக்கூடாது என்றது. பையை ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள். கைபேசியில் அந்த எடையைப் படம் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பார்த்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குக் காலை உணவுக்காக வீட்டில் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, முதலில் மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகளில் நடந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. காய்கறி சாம்பாரும் உண்டு. அங்கே சாப்பிடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்து, அரைகுறையாக எதையோ ஊட்டி அனுப்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இது சலுகை அல்ல. வகுப்பு தொடங்கும் முன் குழந்தை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஓர் இடம்.

இனி சாலை. காலை அவசரத்தில் உயிரே போகக்கூடிய இடம் இதுதான்.

ஸ்கூட்டரில் ஒரு குழந்தையை முன்னால் நிற்க வைத்து, இன்னொன்றைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவது எல்லாத் தெருக்களிலும் கண்ணில் படும் காட்சி. திடீரென்று பிரேக் பிடித்தால் முன்னால் நிற்கும் குழந்தையின் முகம் நேராக ஹேண்டில் பாரில்தான் மோதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி ஓட்டுநரோடு ஒருவர்தான் போகலாம், அவரும் பின் இருக்கையில்தான். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் பறிபோகும். நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தை என்றால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் இது விதி. இரண்டு பிள்ளைகளும் ஒரே வண்டியும் உள்ள வீட்டுக்கு இது கஷ்டம்தான், மறுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஒரு பெரியவர் முறைவைத்துப் பிள்ளைகளை நடத்தி அழைத்துப் போவது அதற்கு ஒரு வழி. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. அந்தத் தொலைவு ஆறு வயதுக் கால்களுக்கு அதிகம் இல்லை.

வேனில் அனுப்புகிறவர்கள் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 2012 ஜூலையில் சென்னை அருகே, சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர், ஆண்டுதோறும் ஆய்வு எல்லாம் அவற்றில் உண்டு. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேனில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்த பின், வண்டியின் முன்னும் பின்னும் கேமராவும், அதோடு சென்சாரும் அந்த விதிகளில் சேர்க்கப்பட்டன. இவற்றில் நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கக்கூடியது உதவியாளரைத்தான். குழந்தையைக் கைப்பிடித்து இறக்கிச் சாலையைக் கடத்தி விடுவது அவர் வேலை. அவர் இல்லாத வண்டியில், இறங்கிய குழந்தை சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பது டிரைவருக்குத் தெரியாது. உதவியாளர் இல்லாமல் வந்தால் அன்றே பள்ளிக்கு எழுதுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள்.

மற்ற புகார்களும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். முதலில் தலைமை ஆசிரியர், அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலர். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைக்கு அடி, மிரட்டல், தொந்தரவு என்றால் 1098. அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம். புகார் கொடுத்தால் கோபத்தைப் பிள்ளை மீது காட்டுவார்களோ என்ற தயக்கம் தனியார் பள்ளிப் பெற்றோருக்கு அதிகம். நான்கைந்து பேர் கையெழுத்திட்டு ஒரே கடிதமாகக் கொடுத்தால் யாரையும் தனியாகக் குறிவைக்க முடியாது. தேதி, நேரம், நடந்தது என்ன, யார் பார்த்தார்கள், இவை மட்டும் போதும். வசை வேண்டாம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.